படுதாவுக்குப் பின்னால் ஒரு மைக்

மதுரை
12.1.1981

அன்புள்ள அக்காவுக்கு,

நலம், நலமறிய ஆவல் என்று தொடங்கினால், இரண்டு வருஷத்துக்கு மேல் ஆகி இவனுக்கு என்ன புது ஆவல் என்று கேட்பாய். ஆகவே நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

ஜவுளிக்கடை கோபாலசாமி அண்ணாச்சி கோவில்பட்டியில் இசை ரசிகர் வட்டம் என்று ஒன்று நடத்துகிறார் அல்லவா? எழுபதுகள் முடிந்துவிட்டன. அந்தப் பத்து வருஷமும் நம் கரிசல்காட்டுக் கோயில் கொடைகளில் சினிமாப் பாட்டுப் பாடிய இன்னிசைக் குழுக்களில், அந்தக் காலத்துக்கு அடையாளம் என்று சொல்லத்தக்க மூன்றைத் தேர்ந்தெடுத்து மலர் போடப்போகிறார். பங்குனித் திருவிழா முடிந்த பிறகு பேட்டைத் திடலில் மூன்று குழுவும் ஒரே மேடையில் பாட வேண்டும். தேர்ந்தெடுத்துக் கட்டுரை எழுதும் பொறுப்பை என்னிடம் கொடுத்திருக்கிறார். "நீ எழுதுனாத்தான்டே சரியா இருக்கும். நீ உள்ளேயே கெடந்தவன்லா" என்றார்.

நான் நினைத்திருப்பது இது. கழுகுமலை சுடர் குழுவை யாராலும் விட முடியாது. அடுத்தது எட்டயபுரம் நவகீதம். இந்தப் பக்கத்தில் முதன்முதல் எலக்ட்ரிக் கிடார் வைத்திருந்தவர்கள். மூன்றாவது நம் செந்தேன் குழு. தன்னுடையதைத் தானே போட்டுக்கொண்டான் என்று யாரும் சொல்லப்போவதில்லை. அண்ணாச்சியே "ஒங்களப் போடலன்னா மலரு விக்காது" என்கிறார்.

உன்னிடம் பழைய நோட்டீஸ்கள் இருக்கும். எதையும் தூரப்போடுகிறவள் இல்லை நீ. எந்தக் கொடையில் எந்தக் குழு, ஜனம் எதற்குக் கை தட்டியது என்று நினைவில் உள்ளதை எழுதி அனுப்பினால் உதவியாக இருக்கும்.

திடலில் மேடைக்குப் பின்பக்கம் படுதா கட்ட இடம் இருக்கிறது. மைக்செட் நம் மாடக்கண்ணுதான். மற்றதை நீயே யோசித்துக்கொள்.

அத்தானுக்கு என் வணக்கம்.

தம்பி
ராமசுப்பு


செண்பகவல்லி அம்மன் துணை

கோவில்பட்டி
24.1.1981

சிரஞ்சீவி ராமசுப்புவுக்கு அக்கா கோமதியம்மாள் எழுதிக்கொண்டது.

உன் கடிதம் பொங்கலுக்கு மறுநாள் வந்தது. பருத்தி வெடித்துக்கொண்டிருக்கிற நேரம், காட்டுக்கும் வீட்டுக்குமாக அலைந்ததில் பதில் எழுதத் தாமதம். தாமதத்துக்கு அது ஒன்றுதான் காரணம் என்று நான் பொய் சொல்லவும் மாட்டேன்.

கேட்டாய், சொல்கிறேன். கழுகுமலை சுடர் குழு சரி. தீப்பெட்டி ஆபீசில் பகலெல்லாம் குச்சி அடுக்கிய கையோடு வந்து டோலக் வாசித்த பையன்கள். வேகப் பாட்டு, சோகப் பாட்டு, பக்திப் பாட்டு எது கேட்டாலும் பாடினார்கள். சினிமாவில் புதுப்பாட்டு வந்தால் அடுத்த கொடைக்குள் அவர்களிடம் அது இருக்கும். படம் வராத ஊருக்கெல்லாம் அவர்கள்தான் கொட்டகை. அந்தப் பத்து வருஷம் எப்படி இருந்தது என்று யாராவது கேட்டால் அவர்களைக் காட்டலாம்.

நவகீதம் கிடாருக்காக மட்டும் பேர் வாங்கியது. பாட்டு பாதிதான் தேறும். இருந்தாலும் இளவட்டங்கள் அதைப் பார்க்க எட்டு மைல் சைக்கிள் மிதித்தார்கள் என்பது உண்மை. அதையும் போடு.

மூன்றாவதாக விளாத்திகுளம் வெண்ணிலாக் குழுவைப் போடு. நீ சிரிப்பாய். ஒரு ஆர்மோனியம், ஒரு தபேலா, அழகுத்தாய். ஆட்டுக் கிடை போடுகிற வீட்டுப் பெண். மேடையில் விளக்கு வெளிச்சத்தில் நின்று, தலையில் கனகாம்பரம் வைத்து, தன் வாயால் பாடினாள். ஊரில் என்ன பேச்செல்லாம் பேசினார்கள், உனக்கும் தெரியும். ஒரு கொடையில் யாரோ எறிந்த கல் முழங்காலில் பட்டு, புடவையில் ரத்தத்தோடு சரணத்தை முடித்தாள். எழுபதுகளில் நம் பக்கத்தில் பொம்பளைக் குரல் என்று ஒன்று இருந்ததென்றால் அது அவளுடையது.

செந்தேன் குழுவைப் போடாதே. காரணம் எனக்குத் தெரியும், உனக்குத் தெரியும், மாடக்கண்ணுக்குத் தெரியும். 'இரட்டைக்குரல் ராமசுப்பு' என்று ஊர் சொன்னதில் ஒரு குரல்தான் உன்னுடையது. மற்றது படுதாவுக்குப் பின்னால் ஆம்ப்ளிபயர் பக்கத்தில் முக்காலியில் உட்கார்ந்திருந்த என்னுடையது.

அதைக்கூட விடு. ஆணும் பெண்ணும் சேர்ந்து ஒரே வரியைப் பாடுகிற பாட்டை நாம் ஒருநாளாவது எடுத்திருக்கிறோமா? மாற்றி மாற்றிப் பாடுகிற பாட்டாகப் பார்த்துப் பொறுக்கினோம். ஒருவனுக்கு ஒரே நேரத்தில் இரண்டு வாய் இருக்க முடியாதே! அந்தக் காலத்துப் பாட்டில் நல்லதில் பாதியை நாம் தொடவே இல்லை. நாம் எப்படி அந்தக் காலத்துக்கு அடையாளம் ஆவோம்?

நோட்டீஸ்களை இத்துடன் வைத்திருக்கிறேன். பார்த்துவிட்டுத் திருப்பி அனுப்பு.

அக்கா


மதுரை
3.2.1981

அன்புள்ள அக்கா,

நோட்டீஸ் வந்தது. திட்டும் வந்தது.

நீ சொல்வது எல்லாம் நியாயம்தான். ஆனால் ஒன்றை மறந்துவிட்டாய். அதை நான் தொடங்கவில்லை. எழுபத்தொன்றில் நம் ஊர் அம்மன் கொடையில், சங்கரன்கோவிலிலிருந்து வரவேண்டிய பாட்டுக்காரி வராமல் போனபோது, "ஏலே, நான் பின்னால இருந்து பாடட்டா?" என்று கேட்டது யார்? அய்யா அரிவாளை எடுக்காத குறை. "பாடட்டும். ஆனா எம்மவ மொகத்த ஒருத்தன் பாக்கப்படாது" என்று சொன்னது அய்யா. மூக்குச் சளிக்காக வாயில் கைக்குட்டையை வைத்துக்கொண்டு நின்றது மட்டும்தான் நான். பெண்குரல் வந்தபோது என் வாய் மறைந்திருந்தது. ஜனம் விசில் அடித்தது. "ரெண்டு குரல்லயும் பாடுதாம்டே" என்று அவர்களாகவே சொன்னார்கள். நான் இல்லை என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லியிருந்தால் அப்போது யார் பாடியது என்று கேட்டிருப்பார்கள். அய்யா முகத்தை நினைத்துப் பார்.

உனக்கும் பிடித்துத்தான் இருந்தது. கல்யாணமான பிறகும் அத்தானிடம் சொல்லிவிட்டு வந்து பாடினாய். வீட்டுக்கு வரும்போது மாட்டுவண்டியில் நாம் சிரித்த சிரிப்பு உனக்கு நினைவில்லையா?

இப்போது என் நிலைமையைச் சொல்கிறேன். மதுரையில் பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுத்துத்தான் என் அடுப்பு எரிகிறது. அவர்கள் என்னைத் தேடி வருவது இரட்டைக்குரல் என்ற பேரைக் கேட்டு. "சார், ஒருதரம் பொம்பளக் குரல்ல பாடிக்காட்டுங்க" என்று கேட்காத பிள்ளை இல்லை. தொண்டைக்கு ஓய்வு கொடுக்கச் சொல்லியிருக்கிறார்கள் என்று எத்தனை நாள் ஓட்டுவது? இந்த ஒரு மேடையில் பாடிவிட்டால், இதோடு நிறுத்திவிட்டேன் என்று மரியாதையாகச் சொல்லிவிடுவேன். ஒரே ஒரு தடவை அக்கா. நாலு பாட்டு.

மாடக்கண்ணுவிடம் சொல்லி முக்காலிக்குப் பதிலாக நல்ல நாற்காலி போடச் சொல்கிறேன்.

தம்பி
ராமசுப்பு


செண்பகவல்லி அம்மன் துணை

கோவில்பட்டி
15.2.1981

சிரஞ்சீவி ராமசுப்புவுக்கு,

மாட்டுவண்டிச் சிரிப்பு நினைவிருக்கிறது. பிடித்திருந்தது என்பதும் மெய். முதலில் நானாகத்தான் கேட்டேன் என்பதும் மெய். ஒன்றையும் மறைக்க எனக்கு அவசியமில்லை. அம்பாள் முன்னால் தினமும் நிற்கிறவள் நான்.

நீ உன் கடிதத்தில் எழுதாமல் விட்டதை நான் எழுதுகிறேன். எழுபத்தெட்டு ஆவணியில் விளாத்திகுளம் பக்கத்துக் கொடை. நீ மூன்றாவது பாட்டில் இருந்தாய். மழை அடித்தது. கரிசல் மண் உனக்குத் தெரியாததில்லை, ஒரு சொட்டு விழுந்தால் விடாது. முக்காலியின் கால் சேற்றுக்குள் இறங்கிவிட்டது. செருப்பு மேடையடியில் கிடந்தது. என் இரண்டு காலும் ஈரச் சேற்றில். மாடக்கண்ணு எழுந்து ஆம்ப்ளிபயர் பெட்டியைச் சாக்கால் மூடப் போனான். நான் உன் வரி முடிந்தது என்று மைக்கைப் பிடித்தேன்.

கரண்ட் அப்படியே உதறியது. என் வாயிலிருந்து வந்த சத்தம் எட்டுக் குழாய் ஸ்பீக்கரிலும் போயிற்று. மாடக்கண்ணு வயரைப் பிடுங்கி எறிந்தான். நான் சேற்றில் கிடந்தேன். கை விரல் மூன்று வெந்து போயிற்று.

வெளியே என்ன கேட்டது தெரியுமா? கை தட்டல். அந்தக் கூச்சலை நீ புதிதாகப் போட்ட சங்கதி என்று நினைத்து ஜனம் தட்டியது. "ஒன்ஸ்மோர்" என்று ஒருத்தன் கத்தினான். படுதாவின் கிழிசலில் நான் பார்த்தேன். நீ கைக்குட்டையை வாயிலிருந்து எடுத்து, இரண்டு கையையும் தூக்கி ஜனத்தைக் கும்பிட்டாய்.

அப்புறம் வந்து பார்த்தாய், அழுதாய், தேங்காயெண்ணெய் தடவினாய். அதெல்லாம் அப்புறம். முதலில் கும்பிட்டாய்.

ஷாக்குக்காக நான் உன்னோடு பேச்சை நிறுத்தவில்லை என்பதை இப்போதாவது தெரிந்துகொள்.

சரி. பாடுகிறேன். ஆனால் பின்னால் இல்லை. மேடையில் எனக்கு ஒரு நாற்காலி. நோட்டீசில் என் பேர். அய்யா காலமாகி நாலு வருஷம் ஆகிறது. உன் அத்தானிடம் கேட்டேன். பருத்தி மூட்டைக்குச் சாக்குத் தைத்துக்கொண்டே சொன்னார்கள்: "நான் எதுக்கு வேண்டாங்கேன்? நீ பாடுததுல எனக்கு ஒரு கொறையும் இல்ல. ஆனா ஒந்தம்பி போடமாட்டான் பாரு."

போடுவான் என்று நான் சொன்னேன்.

அக்கா


மதுரை
22.2.1981

அக்கா,

உன் கடிதத்தைப் படித்தேன். கும்பிட்டது என் கைதான், இல்லை என்று சொல்ல மாட்டேன். ஜனம் தட்டினால் கை தானாக எழும்பிவிடுகிறது. பழக்கதோஷம்.

நீ கேட்டதெல்லாம் நடக்கும். நோட்டீசில் உன் பேர் வரும். மேடையில் நாற்காலி உண்டு. அண்ணாச்சியிடம் பேசிவிட்டேன். அத்தானிடம் சொல், ராமசுப்பு வார்த்தை தவற மாட்டான் என்று.

பாட்டு நாலையும் தனித்தாளில் எழுதி வைத்திருக்கிறேன். பழைய பாட்டுகள்தான், உனக்குப் பழக வேண்டியது ஒன்றுமில்லை. மிளகு போட்டுப் பால் குடி. மோர் வேண்டாம்.

தம்பி
ராமசுப்பு


செண்பகவல்லி அம்மன் துணை

கோவில்பட்டி
4.4.1981

சிரஞ்சீவி ராமசுப்புவுக்கு,

நோட்டீஸ் கிடைத்தது. கோபாலசாமி அண்ணாச்சி வீட்டம்மா சுந்தரம்மாள் மதினியே கொண்டுவந்து கொடுத்தாள். "ஒம் பேரு போட்டிருக்கு கோமதி, பாத்தியா?" என்றாள். பார்த்தேன். நாற்பது நாளாகக் காலையில் வாசல் தெளிக்குமுன் எழுந்து தொண்டையைப் பழக்கிக்கொண்டிருந்தவள், கண்ணாடி தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு பார்த்தேன்.

'குத்துவிளக்கு ஏற்றி வைப்பவர்: திருமதி கோமதியம்மாள் சிவனாண்டி.'

அதற்குக் கீழே, மூன்று மடங்கு பெரிய எழுத்தில், 'ஒரே தொண்டையில் இரண்டு குரல், இரட்டைக்குரல் ராமசுப்பு.'

பேர் இருக்கிறது. விளக்கு ஏற்றும்வரை உட்கார நாற்காலியும் இருக்கும். சொன்னதெல்லாம் செய்துவிட்டாய். இதை எப்படி யோசித்துக் கண்டுபிடித்தாய் என்று ரொம்ப நேரம் நினைத்துக்கொண்டிருந்தேன். விளக்கை ஏற்றிவிட்டு நான் அப்படியே படி இறங்கிப் படுதாவுக்குப் பின்னால் போய்விடுவேன் என்று நினைத்திருக்கிறாய். அதுதானே?

உன் அத்தான் நோட்டீசைப் படித்துவிட்டு மடித்துக் கொடுத்தார்கள். ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

விளக்கு ஏற்ற வருகிறேன். தெய்வ காரியத்தைத் தட்ட மாட்டேன்.

அக்கா


மதுரை
27.4.1981

அக்கா,

திருப்தியா?

விளக்கை ஏற்றினாய். நாற்காலியிலிருந்து எழுந்து படி இறங்கினாய். நீ பின்பக்கம் போவாய் என்று நான் ஆர்மோனியத்துக்குச் சைகை காட்டினேன். என் வரியைப் பாடினேன். கைக்குட்டையை வாயில் வைத்தேன். வாத்தியம் இடம் விட்டது. குரல் வரவில்லை.

மறுபடி அதே வரி. மறுபடி கைக்குட்டை. அவ்வளவு பெரிய கூட்டத்தில் ஜெனரேட்டர் ஓடுகிற சத்தம் மட்டும் கேட்டது. அப்போதுதான் பெண்கள் பக்கத்தில், மூன்றாவது வரிசையில், கையைக் கட்டிக்கொண்டு நீ உட்கார்ந்திருப்பதைப் பார்த்தேன். சொந்தத் தம்பியை அம்மணமாக நிறுத்திவிட்டோம் என்று உனக்குத் தோன்றவில்லையா?

நீ நினைத்தது என்னவென்று எனக்குத் தெரியும். ஜனம் என்னைப் பார்த்துச் சிரிக்கும், உண்மை தானாக வெளியே வரும் என்று நினைத்தாய். வரவில்லை. கோபாலசாமி அண்ணாச்சி மேடைக்கு ஓடிவந்து என் தோளில் கையைப் போட்டார். "பெரியோர்களே, இவ்வளவு வருசம் நமக்காவ ரெண்டு பேரு பாட வேண்டியத ஒருத்தனாப் பாடி, நம்ம தம்பி தொண்டை போயிட்டு" என்றார். ஜனம் எழுந்து நின்று தட்டியது. அந்தத் தட்டலை நான் எந்தக் கொடையிலும் கேட்டதில்லை. கிழவிகள் எல்லாம் முந்தானையால் கண்ணைத் துடைத்தார்கள்.

மறுநாள் பஸ் ஏறுவதற்குள் பனங்கற்கண்டு பொட்டலமாக வந்து குவிந்துவிட்டது. கழுகுமலை சுடர் பையன்கள்கூட ஆளுக்கு ஒன்று வாங்கிக் கொடுத்தார்கள். மதுரையில் இனி யாரும் என்னைப் பாடிக்காட்டச் சொல்ல மாட்டார்கள். அந்த வகையில் நீ எனக்கு நல்லதுதான் செய்திருக்கிறாய்.

பொட்டலங்களில் பாதியைப் பார்சலில் அனுப்பியிருக்கிறேன். அது உன் தொண்டைக்கு வந்ததுதானே. மலர் ஒன்றும் வைத்திருக்கிறேன். படித்துப் பார்.

ராமசுப்பு


செண்பகவல்லி அம்மன் துணை

கோவில்பட்டி
18.5.1981

ராமசுப்புவுக்கு,

பனங்கற்கண்டு வந்தது. கோயிலில் பால் காய்ச்சிக் கொடுக்கச் சொல்லி மடைப்பள்ளியில் சேர்த்துவிட்டேன்.

மலரையும் படித்தேன். செந்தேன் குழுவுக்கு மூன்று பக்கம். கழுகுமலைக்கும் நவகீதத்துக்கும் ஆளுக்கு ஒரு பக்கம். கடைசியில், 'இவர்கள் தவிரச் சில சிறு குழுக்களும் இருந்தன' என்று எழுதியிருக்கிறாய். அந்தச் சிலவற்றில் ஒன்று அன்றைக்கு எனக்கு இடது பக்கம் உட்கார்ந்திருந்தது. அழகுத்தாய் விளாத்திகுளத்திலிருந்து பஸ் ஏறி, காசு கொடுத்து மலர் வாங்கிக் கச்சேரி கேட்க வந்திருந்தாள். நீ கைக்குட்டையோடு நின்றபோது அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். என்னை யாரென்று அவளுக்குத் தெரியாது. விளக்கு ஏற்றிய அம்மா, அவ்வளவுதான்.

"பாவம்லா யம்மா. நான் பொம்பளையாப் பொறந்து மேடையில பாடி வாங்குன ஏச்சு கொஞ்சமா? ஆம்பளையாப் பொறந்து பொம்பளைக் கொரல்ல பாடி மாலையா வாங்குதாரேன்னு வயிறெரிஞ்சிருக்கேன். இன்னைக்கு அவிய வாயத் தொறந்து குரல் வராம நிக்கதப் பாக்க ஏலல" என்றாள். அவள் அழுதாள். நான் அவளைத் தட்டிக்கொடுத்தேன். வேறு என்ன செய்ய?

கச்சேரி கலைந்த பிறகு மாடக்கண்ணு வயரைச் சுருட்டிக்கொண்டு எதிரே வந்தான். "யக்கா, பின்னால மைக்கு போட்டு, காலுக்குப் பலகையும் போட்டு வச்சிருந்தேன். நீங்க வரலையே" என்றான். பதினேழு வயதிலிருந்து மைக்செட் போடுகிறான், அந்தப் பலகை இப்போதுதான் அவனுக்குத் தோன்றியிருக்கிறது. "வரலப்பா" என்றேன்.

நீ எழுதியது சரி. உண்மை வெளியே வரும் என்றுதான் நினைத்தேன். நான் பாடினால் அது உன்னுடையது. நான் பாடாமல் இருந்தால் அதுவாவது என்னுடையதாக இருக்கும் என்று கணக்குப் போட்டேன். அதையும் கை தட்டி உனக்கே கொடுத்துவிட்டார்கள்.

இன்னும் ஒன்று நடந்தது. அதையும் சொல்லி முடித்துவிடுகிறேன்.

போன வெள்ளிக்கிழமை சாயங்காலம் அம்பாள் சன்னதியில் பெண்கள் பாட்டுப் பாடும்போது, எப்போதும் கூட்டத்தோடு முணுமுணுக்கிறவள், அன்றைக்கு வாயைத் திறந்து தனியாகப் பாடினேன். முழுக் குரலில். பத்து வருஷத்தில் முதல் தடவையாக என் முகத்தைப் பார்த்துக்கொண்டு ஜனம் என் பாட்டைக் கேட்டது. முடித்ததும் சுந்தரம்மாள் மதினி ஓடிவந்து என் கன்னத்தை வழித்தாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

"ஏட்டி கோமதி, அப்படியே ஒந்தம்பி ராமசுப்பு கொரலுல்லா! எத்தன நாளாப் பழகுத? ஆனா என்ன சொல்லு, அவிய பாடுத பொம்பளைக் கொரலு மாதிரி அசலா வரல பாத்துக்க" என்றாள்.

மற்றவர்கள் எல்லாரும் ஆமாம் என்றார்கள். நான் குங்குமம் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

அந்தக் குரலை நீயே வைத்துக்கொள் ராமசுப்பு. இனி எனக்குக் கடிதம் எழுத வேண்டாம். அத்தானுக்கு எழுதுவதானால் தனியாக எழுது. வீட்டில் விளக்கு ஏற்றும்போது பாட எனக்கு ஏதாவது வேண்டியிருக்கிறது. ஆகவே வேறு குரலில், அடித்தொண்டையில், கட்டையாகப் பாடிப் பழகிக்கொண்டிருக்கிறேன். நேற்றுப் பாடும்போது உன் அத்தான் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தவர்கள், வாளியைக் கீழே வைத்துவிட்டு வாசலில் நின்று குரல் கொடுத்தார்கள்:

"உள்ள யாரு வந்திருக்கா?"

கோமதியம்மாள்